கிசுகிசுப்புக்குப் பதில் சொன்ன ராஜாங்கம்

நெல்லித்தோப்பு ராஜாங்கத்தைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. அவர் கவர்னர் மாளிகைக்கு ஒற்றராக இருந்தார் என்பது ஒன்று. ஏதோ ஒரு தேவதை அவர் காதில் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதல் கதையைக் கிளப்பியவர் ஒரு முடிதிருத்துபவர். அவர் காலமாகிவிட்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். இரண்டாவது கதைக்கு இடமே இல்லை. ராஜாங்கத்துக்கு இரண்டு காதும் மந்தம். தேவதை வந்து சொன்னாலும், இன்னொரு தடவை உரக்கச் சொல் என்றுதான் கேட்டிருப்பார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவருக்குப் பயிற்சி கொடுத்த சங்கத்தின் காரியதரிசி அப்போது நான். பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்த்தேன். பாராதவற்றைப் பார்த்தவர்களிடம் அன்றே கேட்டுக்கொண்டேன்.

ராஜாங்கம் புதுச்சேரியின் பருத்தி ஆலை ஒன்றில் தறி ஓட்டியவர். தறிக்கூடத்து இரைச்சலைக் கேட்டிராதவர்களுக்கு அதை விளக்க முடியாது. பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு சொல் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். பார்ப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். கூடத்தின் அந்தக் கோடியில் ஒருவன் தன் பக்கத்துத் தறிக்காரனிடம் "மாமியா வந்திருக்காங்க" என்று உதட்டை அசைத்தால், இந்தக் கோடியிலிருந்து "எப்பப் போறாங்க?" என்று இன்னொருவன் கேட்பான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. உதடு அசைந்தால் அது கூடத்துக்கே பொது. ரகசியம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அங்கே பழகியவர்களுக்குத் தெரியாது.

அவர் மனைவி ஆதிலட்சுமி அதே ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தவர். வீட்டிலும் இருவருக்கும் அதே வழக்கம். அவர்கள் சண்டை போடும்போது வீடு நிசப்தமாக இருக்கும். பேச்சுச் சத்தம் கேட்டால், கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.

1934ஆம் ஆண்டு ஆலையில் தறிகளைக் குறைத்தார்கள். இருவருக்கும் வேலை போயிற்று. செய்தி எட்டிய மறுநாளே ஆதிலட்சுமியின் அண்ணன் பலராமன் வந்து நின்றார். தவளக்குப்பம் சந்திப்பில் தவிடு, பிண்ணாக்குக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். ராஜாங்கத்துக்கு அதுதான் தொல்லை.

"மாப்ள, எதுக்கு இங்க கெடந்து அல்லாடறே? மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு ரூம்பு போட்டுட்டேன். தங்கச்சியையும் புள்ளைங்களையும் இட்டுக்கினு வந்துடு. கடையில மூட்டைய தூக்கிப் போடு, மூணு வேளையும் நம்ம வூட்டுச் சோறு."

"நம்ம வூடா, உங்க வூடா மச்சான்?"

"வூடு என்னுது. சோறு நம்மளது."

"அதென்னாண்ணே கொட்டாய்க்குப் பக்கத்துல?" என்று கேட்டார் ஆதிலட்சுமி.

"மாட்டுக்கு விடியக்காலம் யாரு தண்ணி காட்டறது?"

ராஜாங்கம், பொங்கல் வரை பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார். அதற்குள் தன் குடும்பத்துக்குத் தானே சோறு போடுகிற மாதிரி ஒரு தொழில் அமையாவிட்டால் தவளக்குப்பத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். பலராமன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

"பொங்கல் கழிஞ்சதும் வண்டியோட வரேன். அதுவரைக்கும் ரூம்புல கோழிய அடைச்சி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிலாளர் குடும்ப முன்னேற்றச் சங்கம் நெல்லித்தோப்பில் ஒரு பழைய நெல் கிடங்கை எடுத்துப் பயிற்சி வகுப்புகள் தொடங்கியது. தலைவர் முசே (திருவாளர் என்பதற்குப் பிரெஞ்சு) அமலநாதன், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை இழந்த குடும்பத்துக்கு அரிசி அளந்து கொடுப்பதைவிட, அரிசி வாங்கும் வகையைக் கற்றுக்கொடுப்பதே மேல் என்பது அவர் கொள்கை. தொடக்க நாளன்று, ஒவ்வொருவரும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று நெடுநேரம் பேசினார்.

"சொந்தக் கால்லதாங்க நிக்கிறேன்" என்றார் ராஜாங்கம் பின்வரிசையிலிருந்து. "தறி முன்னால வேற யாரு கால்ல நிக்க உடுவாங்க?"

வகுப்புகள் மூன்று: தையல், இஸ்திரி, மேசை பரிமாறுதல். ஆதிலட்சுமி பெயர் கொடுப்பதற்குள் தையல் வகுப்பு நிறைந்துவிட்டது. ராஜாங்கம் இஸ்திரியில் சேர்ந்தார். அங்கே அவர் அதிக நாள் இருக்கவில்லை. முதல் நாள் அவரிடம் ஒரு வெள்ளைச் சட்டையையும் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியையும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தார். சட்டை மடிப்பில்லாமல் ஆயிற்று. தொடர்ந்து தேய்த்தார். சட்டை பழுப்பாயிற்று. பிறகு சட்டை இல்லை. அடியில் விரித்திருந்த கம்பளி இருந்தது. பிறகு கம்பளியும் இல்லை. பலகை புகைந்தபோது யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஏன்யா நிறுத்தல?"

"சங்கு ஊதலியேங்க" என்றார் ராஜாங்கம். ஆலையில் வேலையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சங்கு ஊதித்தான். அது ஊதாமல் கையை எடுத்தவனுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது.

இப்படியாக அவர் மூன்றாவது வகுப்புக்கு வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் வீடுகளிலும் வசதியான நம்மவர் வீடுகளிலும் மேசையில் பரிமாறத் தெரிந்த ஆட்களுக்கு அப்போது தேவை இருந்தது. பயிற்சி கொடுத்தவர் முசே பிரான்சுவா. பிரெஞ்சுக் கப்பலில் மேசைப் பணியாளாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் இருந்த காலம் முழுவதும் அவருக்கு மீசை வைக்க அனுமதி இல்லை. கரையில் இறங்கிய அன்றே வளர்க்கத் தொடங்கினார். சிலர் அது முகவாய் வரை இருந்ததாகச் சொல்வார்கள், அது மிகை. கீழுதட்டை முழுமையாக மறைத்தது, அவ்வளவுதான்.

ராஜாங்கத்துக்கு அந்த அவ்வளவு போதுமானதாக இருந்தது. முதல் நாள் பாடம் முழுவதும் அவர் ஆசிரியரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஐயா, நீங்க பேசறீங்களா, மெல்லறீங்களா?" என்று கேட்டார்.

"என்னய்யா கேள்வி இது?"

"மீசை மறைக்குதுங்க. உதடு தெரிஞ்சாத்தான் எனக்குக் காது கேக்கும்."

மீசையை எடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. முசே பிரான்சுவா நல்ல ஆசிரியர். ஒரு வழி கண்டுபிடித்தார். இடது கையின் இரண்டு விரலால் மீசையைத் தூக்கி மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தட்டை ஏந்திப் பாடம் நடத்தினார். ராஜாங்கம் மளமளவென்று கற்றார்.

அடுத்த வாரம் இஸ்திரி வகுப்பை, அதன் பலகை எரிந்துபோன காரணத்தால், மூடிவிட்டோம். அங்கிருந்த தேவதாஸ் என்ற தறிக்காரரும் அவரைப் போன்ற வேறு மூவரும் பரிமாறும் வகுப்புக்கு வந்தார்கள். வந்து பார்த்தால், கப்பலில் பிரெஞ்சுக்காரருக்கே பரிமாறிய ஆசிரியர், மேலுதட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு குனிகிறார், தட்டை நீட்டுகிறார், நிமிர்கிறார். அதுதான் பிரெஞ்சு முறை என்று நால்வரும் எடுத்துக்கொண்டார்கள். நால்வருக்கும் மீசை பேருக்குத்தான் இருந்தது. இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்கள்.

ராஜாங்கம் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்துவிட்டு வந்தார். நான்கு பேரும் விரல் வைத்துப் பரிமாறுவதைக் கண்டு, தான் இல்லாத நாளில் நடந்த பாடம் என்று நினைத்து, தானும் வைத்துக்கொண்டார். முசே பிரான்சுவா இதைக் கவனித்தாரா என்று பிறகு கேட்டேன். கவனித்தாராம். மூச்சுக்காற்று சாப்பாட்டின் மேல் படக்கூடாது என்று பயல்கள் தாங்களாகவே செய்கிறார்கள் என்று எண்ணி, மனத்துக்குள் மெச்சிக்கொண்டாராம்.

பயிற்சியின் முடிவில் ஒரு சோதனை விருந்து. பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நண்பகல், அமலநாதன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. விருந்தினர் சங்கத்துக்கு வேண்டியவர்கள். முக்கியமானவர்கள் நொத்தேர் பிரகாசமும் அவர் மனைவி மதாம் ரோசாவும். நிலபுலப் பத்திரங்கள் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் நடக்கும் என்பதால் நொத்தேருக்கு ஊரில் பெரிய மதிப்பு. ஒழுங்காகப் பரிமாறியவர்களுக்குச் சான்றிதழும், அன்றே வேலைக்குச் சேர ஒரு வீடும் கிடைக்கும். ராஜாங்கத்துக்கு மட்டும் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பலராமனின் வண்டி வருகிறது.

இங்கே ஒரு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் உரக்கப் பேசுவது பிரெஞ்சில், கிசுகிசுப்பது தமிழில். ராஜாங்கத்துக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே அந்த மேசையில் வெளிப்படையாகப் பேசிய எதுவும் அவருக்குப் புரியவில்லை. மறைவாகப் பேசிய அத்தனையும் புரிந்தது.

முதலில் சூப்பு வந்தது. ஐந்து பேரும் வரிசையாக, மூக்குக்குக் கீழே இரண்டு விரலை அழுத்திக்கொண்டு, முகத்தைச் சற்றே திருப்பிக் குனிந்து வைத்துவிட்டுப் போனார்கள். மேசையில் பேச்சு நின்றது. நொத்தேர் தன் கோப்பையை மெல்ல முகர்ந்தார். பக்கத்தில் இருந்தவரும் முகர்ந்தார். யாரும் கரண்டியை எடுக்கவில்லை. சூப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அடுத்து மீன். அதே ஐந்து பேர், அதே விரல்.

அமலநாதன் தன் மனைவியின் பக்கம் சாய்ந்து, "மீன் கெட்டுப்போச்சா?" என்று மூச்சுவிடுகிற சத்தத்தில் கேட்டார்.

கூடத்தின் மறுகோடியில், தட்டுகள் அடுக்கிய அலமாரி அருகே நின்ற ராஜாங்கம் வாய்விட்டுப் பதில் சொன்னார்:

"காலைல கரைக்கு வந்ததுங்க! செதில் உரிச்சதே நானுதான்!"

காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. மாடியில் இருந்த புறாக்கள் பறந்தன.

நொத்தேர் திடுக்கிட்டு மனைவியின் காதருகே, "இவன் என்ன பேயா? அங்கேருந்து எப்படிக் கேட்டுச்சி?" என்றார்.

"பேய் இல்லீங்க, தறிக்கூடம்!"

"ரோசா, பேசாதே."

"பேசலாங்க, பேசலாம், பரவால்ல!"

அமலநாதன் கைத்துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு மனைவியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ராஜாங்கம் விரைந்து வந்து, பயிற்சியில் சொன்னபடி இடப்பக்கம் நின்று, பணிவாகக் குனிந்து, "துண்ட கொஞ்சம் எறக்கிக்கங்கய்யா, சரியா காதுல உழல" என்றார்.

அதன் பிறகு விருந்தினர் எல்லாருமே துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு பக்கம் வாயைப் பொத்தியவர்கள், இன்னொரு பக்கம் மூக்கைப் பிடித்தவர்கள். வாசலில் கடிதம் கொண்டுவந்த தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ தொற்றுநோய் என்று எண்ணிக் கடிதத்தைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

கோழி வந்தபோது நிலைமை ஒருவாறு தணிந்திருந்தது. மீனைத் திருப்பி அனுப்பிய பசியில் எல்லாரும் துண்டை இறக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். மதாம் ரோசா தன் பங்கை முடித்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பாமலேயே, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல், "இன்னொரு கால் துண்டு கேட்டா ஏதாவது நெனச்சிக்குவாங்களா?" என்றார்.

"மதாமுக்கு ஒரு கால் துண்டு!" என்று முழங்கினார் ராஜாங்கம். "யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க மதாம், நீங்க சாப்பிடுங்க!"

மதாம் ரோசாவின் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. ஆனால் கால் துண்டு வந்தது. அவர் அதைச் சாப்பிட்டார். இதைச் சிலர் வாத்து என்பார்கள். அது கோழிதான்.

விருந்து முடிந்ததும் அமலநாதன் ஐந்து பேரையும் கிணற்றடியில் நிறுத்தி விசாரித்தார். விரலின் காரணம் அங்கேதான் வெளிவந்தது. முசே பிரான்சுவா தன் மீசையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தேவதாசுக்கும் மற்ற மூவருக்கும், இனி விரல் வைப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில், சான்றிதழ் கொடுத்தார்கள். ராஜாங்கத்துக்கு இல்லை.

"நீ கெட்டவன் இல்ல ராஜாங்கம்" என்றார் அமலநாதன். "ஆனா உன்ன எந்த வீட்ல கொண்டு போய் வைக்கறது? புருஷன் பொண்டாட்டி வாயத் தொறக்க முடியாதே."

"கதவ சாத்திக்கினு பேசட்டுங்க. கதவுக்குப் பின்னால எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கொஞ்சம் தெரியாத மாதிரி இருக்கக் கத்துக்கக் கூடாதா?"

"தெரியறது எப்படிங்க தெரியாமப் போவும்?" என்று உண்மையாகவே கேட்டார் ராஜாங்கம். ராஜாங்கம் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார். அன்று மாலை அந்த வீட்டில் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

சான்றிதழ் பெற்ற நால்வருக்கும் அதனால் பெரிய பயன் இருக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பரிமாறுபவர்கள் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எந்த வீட்டாரும் அழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடி பலராமன் வண்டியோடு வந்தார். பானை, பாய், அம்மிக்குழவி எல்லாம் ஏறின. அம்மியை ஏற்றும்போதுதான் தெருமுனையில் ஒரு புஸ்புஸ் வண்டி வந்து நின்றது. பின்னால் தள்ளிவந்த ஆள் மூச்சு வாங்கினான். அதிலிருந்து மதாம் ரோசா இறங்கினார். அவர் வந்த காரணம் இது.

போன வருடம் அவருடைய மூத்த பெண்ணின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேண்டு வாத்தியம் கொண்டுவந்தார்கள். பெண் வீட்டார் நாயனமும் மேளமும் வைத்திருந்தார்கள். எது முதலில் நிறுத்துவது என்ற பிடிவாதத்தில் இரண்டும் பந்தி முடியும்வரை ஓயவில்லை. இலையில் உட்கார்ந்தவர்கள் ரசம் கேட்டது யார் காதிலும் விழவில்லை. கேட்டவருக்கு வராமல், கேட்காதவர் இலையில் மூன்று முறை அப்பளம் விழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வெறும் சோற்றோடு எழுந்து போனவர், இன்னும் நொத்தேர் வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது இரண்டாவது பெண் ஆனந்தமேரியின் கல்யாணம் அடுத்த வாரம். இந்தச் சம்பந்தி வீட்டார் கொண்டுவரப்போவது இன்னும் பெரிய பேண்டு.

"அன்னிக்கி என் உதட்டப் பாத்துத்தானே கோழித்துண்டு கொண்டுவரச் சொன்னே?" என்று கேட்டார் மதாம் ரோசா.

"ஆமாங்க மதாம். தப்பா இருந்தா மன்னிச்சிக்கங்க."

"எவ்வளவு தூரத்துலேருந்து தெரியும்?"

"மீசை இல்லன்னா எம்மாந்தூரமும் தெரியுங்க."

பலராமனுக்குப் பொறுக்கவில்லை. "மதாம், வண்டி ஏத்தியாச்சி. ஒரு கல்யாணத்த நம்பிக் குடும்பம் நடத்த முடியுங்களா? ஒரு நாளு பந்தி, மறுநாளு என்னா பண்றது?"

"அன்னிக்கி பந்தியில வந்து ஒக்கார்றவங்க எல்லார் வீட்லயும் பொண்ணு இருக்கு" என்றார் மதாம் ரோசா. "நல்லா நடந்தா அவங்களே கூப்பிடுவாங்க. நடக்கலன்னா நீங்க இட்டுக்கினு போங்க. நீங்களும் வந்து சாப்பிட்டுப் போங்களேன்."

கல்யாணச் சாப்பாடு என்றதும் பலராமன் சற்று இறங்கி வந்தார். அதுவரை சாமானை இறக்கவேண்டாம் என்பது மட்டும் அவர் நிபந்தனை. வண்டி ஏற்றியது ஏற்றியபடியே வாசலில் நின்றது. அன்றாடம் சமைக்க ஒரு பானையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்கள்.

ஆதிலட்சுமி இரண்டு காரியம் செய்தார். முதலாவது, வேலையில்லாமல் இருந்த தேவதாசையும் மற்ற மூவரையும் பரிமாற அழைத்தார். அவர்களுக்கும் உதடு புரியும். இரண்டாவது, கணவரை எதிரில் உட்காரவைத்து, குரல் எழுப்பாமல், அதாவது மிகக் கடுமையாக, ஒன்று சொன்னார். அவரே பிறகு எனக்குச் சொன்னது:

"இந்தாய்யா. எலையில கேக்கறத மட்டும் சொல்லு. சோறு, கொழம்பு, உப்பு, தண்ணி. அதுக்கு மேல எவன் எத்தப் பேசினாலும் உன் வாய் தொறக்கக் கூடாது. தொறந்தா, நீ மட்டும் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு. நான் வரமாட்டேன்."

கல்யாணத்தன்று கோயிலிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கியதும் பந்தல் நிறைந்தது. ஒரு பக்கம் பேண்டு, மறுபக்கம் மேளம். இலை போட்டதும் இரண்டும் ஒருங்கே முழங்கத் தொடங்கின. பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பந்தலில் ஒரே ஒரு முகம் மலர்ந்தது. ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்ற ராஜாங்கம், "தறி ஓடற மாதிரியே இருக்குதுடீ!" என்று உதட்டை அசைத்தார். குசினி என்கிற சமையற்கட்டின் வாசலில் நின்ற ஆதிலட்சுமி, "வேலையப் பாரு" என்று உதட்டை அசைத்தார்.

அப்புறம் நடந்ததை நான் இலையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். யாரும் கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. வலக்கோடியில் ஒரு அம்மாள் "ரசம்" என்று வாய் திறப்பார். ராஜாங்கத்தின் உதடு அசையும். ஆதிலட்சுமியின் உதடு அசையும். தேவதாஸ் வாளியோடு அவர் இலைமுன் நிற்பார். கேட்கத் தயங்கி, கறி வாளியை ஓரக்கண்ணால் பார்த்து முணுமுணுத்தவர்களுக்குக்கூடக் கறி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் சோதித்துப் பார்ப்பதற்காகவே உதட்டை லேசாக அசைத்து "வெத்தலப்பாக்கு" என்றார். சாப்பாட்டின் நடுவில் வெற்றிலைத் தட்டு வந்து நின்றது. சங்கடம் மீசைக்காரர்களால்தான். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ராஜாங்கத்தால் சொல்ல முடியவில்லை. விருந்தினராக வந்திருந்த முசே பிரான்சுவா இரண்டு விரலால் மீசையைத் தூக்கிக்கொண்டு ஊறுகாய் கேட்டார், கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு வரிசையில் இருந்த மீசைக்காரர்கள் அத்தனை பேரும் தூக்கிக்கொண்டார்கள்.

பலராமன் மூன்றாவது வரிசையில், என்னிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு அவருக்குப் பிடித்திருந்தது. பந்தல் முழுவதும் ராஜாங்கத்தை வியந்து பார்ப்பதும் அவருக்குத் தெரிந்தது. தன் பங்குக்கும் ஏதாவது வேண்டும் என்று தோன்றியிருக்கவேண்டும். பக்கத்து இலைக்காரரின் காதில் வாயை வைத்து, "அவன் என் தங்கச்சி வூட்டுக்காரன்தான். பாவம், பொழைக்கத் தெரியாதவன். நாளையிலேருந்து நாந்தான் சோறு போடப்போறேன்" என்றார். இரைச்சலில் அந்தப் பக்கத்து இலைக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துத் தன் தம்ளரை நகர்த்தி வைத்தார்.

முக்காலி மேலிருந்த ராஜாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் நெஞ்சு நிமிர்ந்தது. வாய் திறந்தது. நான் புறாக்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் சத்தம் வரவில்லை. குசினி வாசலில் அவர் மனைவி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாங்கம் வாயை மூடினார். பிறகு மனைவியைப் பார்த்து, உதட்டால், அண்ணன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். அது அவர் செய்யலாமா என்று கேட்டதற்கு, அது சோற்றைப் பற்றிய பேச்சுத்தானே என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.

ஆதிலட்சுமி சோற்றுக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணன் இலையில் ஒரு அகப்பை போட்டார். பலராமன் மகிழ்ந்தார். இன்னொன்று போட்டார். பலராமன் கையால் போதும் என்று மறித்தார். கையின் மேலேயே போட்டார். குழம்பு ஊற்றினார். மறுபடி சோறு. கல்யாண இலையில் விழுந்ததை வைத்துவிட்டு எழுவது பெண் வீட்டாருக்கு அவமரியாதை என்பது பலராமனின் வளர்ப்பு. ஆகையால் அவர் தின்றார். தின்னத் தின்ன வந்தது. அவர் வாய் நிறையச் சோற்றோடு, முக்காலி மேல் நின்ற தங்கை கணவரை நோக்கி, "போதும் மாப்ள! சொல்லு அவகிட்ட! போதும்!" என்று உதடுகளை எவ்வளவு அகலமாக அசைக்க முடியுமோ அவ்வளவு அகலமாக அசைத்தார். எனக்கே புரிந்தது.

ராஜாங்கம் அதை நன்றாகப் பார்த்தார். பிறகு பந்தலின் மேற்கூரையில் கட்டியிருந்த தோரணத்தைப் பார்க்கத் தொடங்கினார். அதில் என்ன கண்டாரோ, நெடுநேரம் பார்த்தார். எனக்கு எதிர் இலையில் இருந்த அமலநாதன் கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மறுநாள் ராஜாங்கத்துக்கும் சான்றிதழ் எழுதப்பட்டது.

பந்தி கலைவதற்குள் அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒருவர் தன் தங்கையின் கல்யாணத்துக்கும், மாப்பிள்ளையின் தகப்பனார் தன் கடைசி மகனின் கல்யாணத்துக்கும் ராஜாங்கத்தின் ஆட்கள் வரவேண்டும் என்று கேட்டார்கள். நாள், இடம், எத்தனை பந்தி, பேண்டு உண்டா என்பதையெல்லாம் ஆதிலட்சுமிதான் பேசினார். பேண்டு இல்லாத கல்யாணங்களை அவர்கள் அவ்வளவாக விரும்பவில்லை.

அன்று மாலை நெல்லித்தோப்பில் வண்டியிலிருந்து சாமான்கள் இறங்கின. அம்மியை ராஜாங்கமும் தேவதாசும் இறக்கினார்கள். வண்டி காலியானதும் பலராமனை ஏற்றினார்கள். அவரால் உட்கார முடியவில்லை. அடியில் வைக்கோல் பரப்பி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். மாடு நகர்ந்தது. தெருமுனை திரும்பும்போது அவர் சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி, இரண்டு காதும் மந்தமானவருக்கும் கேட்கும்படி கத்தினார்:

"மாப்ள! சித்திரையில என் பொண்ணுக்குக் கல்யாணம்! பந்திய நீதான் பாக்கணும்! என் எலைக்கு மட்டும் வேற ஆளப் போடு!"